முதலெழுத்துக்கு விட்ட இடம்

என் தம்பி நிசாந்தன் செத்தபோது அப்பா அவனுக்காக எழுதியது பன்னிரண்டு வரி. நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவையல்ல. அதே மாதம் கோழிக்கடைக்காரர் ஒருவர் மாரடைப்பில் போனார். அவருக்கு அப்பா நாலு பக்கம் எழுதினார். அவர் ஊர் வாசிகசாலைக்கு ஆட்கள் இருந்து வாசிக்க இரண்டு வாங்கு செய்து கொடுத்ததுகூட அதில் இருந்தது.

அப்பாவுக்கு அதுதான் தொழில். தெற்கு லண்டனில், மிச்சம் என்ற பகுதியில், ட்ராம் நிறுத்தத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்ன அச்சகம் வைத்திருக்கிறார். கலியாணக் கார்ட், பெரிசான பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டுக் கார்ட், கடைக்காரர்களின் ரசீதுப் புத்தகம் எல்லாம் அடிப்பார். ஆனால் பெயர் எடுத்தது கல்வெட்டில். எங்கள் ஆட்களில் யாராவது செத்தால், முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் ஒரு புத்தகம் கொடுப்போமே, அது. அட்டையில் படம், உள்ளே தேவாரம், பிறகு செத்தவரின் வாழ்க்கை வரலாறு, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். இந்தப் பக்கத்தில் கண்ணை மூடிய யாழ்ப்பாணத்தாரில் பாதிப் பேருடைய வரலாறு பாலேந்திரா மாஸ்ரர் எழுதியது. ஊரில் அவர் நாலு வருடம் மட்டும்தான் படிப்பித்தார். மாஸ்ரர் பட்டம் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது.

அச்சகத்தில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. முன்னால் தகப்பன் பெயரின் முதலெழுத்து இல்லாமல் எவருடைய பெயரையும் அடிக்கமாட்டார். தாயைப் பறிகொடுத்துவிட்டுப் போனில் விக்கி விக்கி அழுகிறவனிடம், "எல்லாம் சரி தம்பி, அம்மான்ர முதலெழுத்து என்ன?" என்று கேட்பார். ஏன் இப்படிப் பிடிவாதம் என்றால், "முதலெழுத்து இல்லாட்டி அது ஆரும் இல்லாத ஆளின்ர பேர் மாதிரிக் கிடக்கும்" என்பார். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சிவப்புப் பேனை இருக்கும். சாப்பாட்டுக் கடைக்குப் போனால் மெனுக் கார்டில் பிழை திருத்துவார். எங்களுக்கு மானம் போகும்.

இந்த நாட்டுக்கு வந்தபிறகு அந்த முதலெழுத்து முழுப் பெயராக நீண்டு, எங்கள் பெயருக்குப் பின்னால் போய் நின்றது. பள்ளிக்கூடத்தில் நான் கஜந்தினி பாலேந்திரா, தம்பி நிசாந்தன் பாலேந்திரா. வெள்ளைக்காரர் பின்னால் இருப்பதைத்தான் பிடித்துக் கூப்பிடுவார்கள். நான் பஸ் ஓட்டுகிறேன். டிப்போவில் என் பெயரும் பாலேந்திராதான். யாராவது உரக்கக் கூப்பிட்டால், அப்பா வந்து நிற்கிறாரோ என்று இன்றைக்கும் ஒரு கணம் திரும்பிப் பார்ப்பேன்.

பத்தொன்பது வயதில் தம்பி இந்த நாட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தான். மருத்துவப் பிரிவு. "சுடப் போகேல்லை அக்கா. சூடு பட்டவனைத் தூக்கப் போறன்" என்றான். அப்பா மூன்று நாள் அவனோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் ஒரே ஒரு வசனம் சொன்னார். "உந்த உடுப்போட என்ர வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது."

அவருக்கு நியாயம் இல்லாமல் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு ஊரில் அவருடைய தம்பியை, எங்கள் சித்தப்பாவை, சீருடைக்காரர் வீட்டு வாசலில் வைத்துத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். சின்ன விசாரணை, பின்னேரம் விட்டுவிடுவோம் என்றார்களாம். அந்தப் பின்னேரத்தை அப்பா இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் நான் சண்டைக்குப் போகவில்லை. லீவில் வருகிற தம்பி முதலில் என் பிளாட்டுக்கு வருவான், குளிப்பான், ஜீன்ஸ் மாட்டுவான், பிறகுதான் வீட்டுக்குப் போவான். அவனுடைய சீருடை என் அலுமாரியில் தொங்கும். பூட்ஸ் என் கட்டிலுக்குக் கீழே கிடக்கும்.

இருபத்தொரு வயதில், பயிற்சிக்குப் போன இடத்தில், அவன் இருந்த வண்டி மழையில் சறுக்கிப் பள்ளத்தில் உருண்டது. அவ்வளவுதான்.

அப்பா பொய் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரமே அதில்தான். பொய் சொல்லியிருந்தால் பிடித்து உலுக்கியிருக்கலாம். அவர் வெட்டினார். "மருத்துவத் துறையில் பணிபுரிந்தவர்" என்று எழுதினார். "வாகன விபத்தொன்றில் அகால மரணமானார்" என்று எழுதினார். ஒரு சொல்லில்கூடப் பிழை பிடிக்க முடியாது. செத்தவீட்டுக்குத் தம்பியின் அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். சீருடை வேண்டாம் என்று அப்பா முன்கூட்டியே கேட்டுக்கொண்டதால், சாம்பல் நிறக் கோட்டில் வந்தார்கள். "அவனோட வேலை செய்த ஆக்கள்" என்று அப்பா எல்லோருக்கும் சொன்னார். அந்த இரண்டு பேரும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி, கிரியை முடியும்வரை அசையாமல் நின்றார்கள். அவர்கள் நின்ற நிலையைப் பார்த்தே விளங்கியிருக்க வேண்டும். விளங்கியவர்கள் இருந்திருக்கலாம். வாயைத் திறக்கவில்லை.

அம்மா? அம்மா அன்றைக்கு அவனுடைய நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு பன்னிரண்டு வருடம் அவனைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

ஒவ்வொரு நவம்பரும் டிப்போவில் ஒரு அறிவித்தல் ஒட்டுவார்கள். இரண்டாம் ஞாயிறு போரில் செத்தவர்களுக்கான நினைவு அணிவகுப்பு, காலை பத்து மணியிலிருந்து நினைவுத் தூண் நிற்கிற புல்வெளியைச் சுற்றிய ரோட்டெல்லாம் பூட்டு, பஸ்கள் சுற்றுவழியில் போகும். நான் ஒவ்வொரு வருடமும் யாருடைய காலையாவது பிடித்து அந்த ஷிப்டை மாற்றிக்கொண்டு வேறு ரூட்டில் ஓடுவேன். நினைவுத் தூணைச் சுற்றி நின்று யார் யாருக்கோ தலை குனிகிறார்கள், என் தம்பியை மட்டும் மறந்துவிட்டார்கள் என்று எனக்கு வயிறு எரியும். அவனும் இந்த ஊர்ப் பிள்ளைதானே? அந்தப் புல்வெளியில் விழுந்து எழும்பித்தானே சைக்கிள் பழகினான்? பெயரைப் பார்த்திருப்பார்கள், நிறத்தைப் பார்த்திருப்பார்கள், விட்டிருப்பார்கள் என்று நானே தீர்ப்பு எழுதி, நானே அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

இந்த வருடம் செப்டெம்பரில் நூலகத்துக் கதவில் ஒரு தாளைப் பார்த்தேன். படைப்பணியில் இருக்கும்போது இறந்த இவ்வூர்ப் பிள்ளைகளின் பெயர்களும் அணிவகுப்பில் வாசிக்கப்படுகின்றன, விடுபட்டவர்களின் குடும்பத்தார் தொடர்புகொள்ளவும் என்றிருந்தது. கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி. அன்றைக்கே, ரூட் முடிகிற இடத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, எட்டு நிமிட ஓய்வில் போனில் எழுதினேன். எழுதினேன் என்பதைவிடத் திட்டினேன் என்பதுதான் சரி. என் தம்பி உங்களுக்கு ஆளாகத் தெரியவில்லையா என்று கேட்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, அதே இடத்தில் நிற்கும்போது பதில் வந்தது. அணிவகுப்புக் குழுவின் செயலாளர், மிஸஸ் ஹார்ட்லி என்று ஒரு அம்மா. ஓய்வுபெற்ற ஆசிரியை. என் கோபத்துக்கு ஒரு சொல்கூடத் திருப்பிக் கோபப்படாமல் எழுதியிருந்தார். உங்கள் தம்பியை நாங்கள் மறக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னர் உங்கள் பெற்றோருக்குக் கடிதம் போட்டோம். மூன்று வருடத்துக்கு முன்னர் இன்னொன்று போட்டோம். இரண்டு தடவையும் உங்கள் தந்தை பதில் அனுப்பினார். பார்வைக்கு இணைத்திருக்கிறேன்.

அச்சகத்தின் கடிதத்தாள். நேர்த்தியான ஆங்கிலம். இது எங்கள் குடும்பத்தின் சொந்த விஷயம், எங்கள் மகனின் பெயர் பொதுவிடத்தில் வாசிக்கப்படுவதை நாங்கள் விரும்பவில்லை. எங்களாம். நாங்களாம். அம்மாவைக் கேட்டாரா? என்னைக் கேட்டாரா? ஒரு எழுத்துப் பிழை இல்லை. கையெழுத்துக்கு மேலேயும் கீழேயும் அளந்து விட்ட மாதிரி இடைவெளி.

வெளியே ஆட்கள் ஏறுவதற்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவன் கதவில் தட்டினான். எனக்குத் திறக்கத் தோன்றவில்லை. பன்னிரண்டு வருடம் நான் யார் மேலோ எரிந்துகொண்டிருக்க, இந்த மனுசன் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு எதிரே இருந்து இடியப்பம் சாப்பிட்டிருக்கிறார். "வெள்ளையளுக்கு எங்களை எங்க கண் தெரியப்போகுது" என்று நான் ஒருநாள் சொன்னபோது தலையாட்டிக்கூட இருக்கிறார். அன்றைக்கு என் பஸ் நாலு நிமிடம் பிந்திப் புறப்பட்டது.

கூடப்பிறந்தவளின் ஒப்புதல் போதுமா என்று மிஸஸ் ஹார்ட்லியைக் கேட்டேன். போதும் என்றார். படிவத்தை அனுப்பினார். நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். வாசிக்கிறவருக்குப் பெயரைச் சரியாகப் பழக்க வேண்டும் என்று என்னைப் போனில் கூப்பிட்டு, பா-லேந்-திரா, பா-லேந்-திரா என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். பெயர்கள் வாசித்து முடிந்தபிறகு குடும்பத்தார் பெயர் எழுதிப் புல்லில் குத்துவதற்கு, சிவப்புக் காகிதப் பொப்பிப் பூ ஒட்டிய சின்ன மரப்பட்டி ஒன்று தருவார்கள். சிலுவை வேண்டுமா, வெறும் பட்டியா என்று கேட்டார். வெறும் பட்டி போதும் என்றேன்.

அப்பாவுக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கு மட்டும் சொன்னேன். அம்மா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

"பத்தரைக்கு அங்க நிக்க வேணும்."

"அவருக்குச் சொல்லிப்போட்டியோ?"

"இல்லை."

"சொல்லாத. அவர் எப்பிடியும் வருவார்தானே."

உண்மைதான். இந்த வருடம் முதல் தடவையாக எங்கள் ஊர்த் தமிழர் ஒன்றியத்தையும் மலர்வளையம் வைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்றியத்தின் தலைவர் யார்? சாட்சாத் பாலேந்திரா மாஸ்ரர். ஒரு கிழமையாக வீட்டில் அதே கதை. "தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கவுன்சிலிட்ட மண்டபம் கேட்டு நிக்கிறம். இதுக்குப் போகாமல் விட ஏலாது" என்றார். கறுப்புக் கோட்டைச் சலவைக்குக் கொடுத்து எடுத்தார். வளையத்தில் தொங்கவிட ஒரு அட்டையைத் தங்க எழுத்தில் அடித்தார். உலகத்தில் செத்த எல்லோருக்கும் அஞ்சலி செலுத்த என் அப்பா ஆயத்தமாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. நாங்கள் போய்ச் சேரும்போது இருநூறு பேர் அளவில் புல்வெளியைச் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் முழவுச் சத்தம் கேட்டது. முன்னால் கொடிகள், பின்னால் பதக்கம் குத்திய கிழவர்கள், சக்கர நாற்காலியில் இருவர், பிறகு பயிற்சிப் படைப் பிள்ளைகள், கடைசியில் கால் மாறி மாறிப் போடுகிற சாரணர் பொடிசுகள். மேயர் கழுத்தில் சங்கிலியோடு வந்தார். பயிற்சிப் படைப் பிள்ளைகளில் ஒருவனுக்குத் தொப்பி பெரிதாகிக் கண்ணை மறைத்தது. அவன் அதைத் தள்ளிவிடக் கை எடுக்கவேயில்லை. எனக்கு அழுகை வந்தது, அதை விழுங்கினேன். அழுவதற்கு நான் வரவில்லை.

ஒன்றியத்துக்காரர் பத்துப் பேர் இடது பக்கம் நின்றார்கள். அப்பா முன்னால், வளையத்தோடு. பக்கத்தில் செயலாளர் தவயோகன், சுவிசிலிருந்து நாலு வருடத்துக்கு முன்னர் வந்து போன் கடை போட்டவர். ஒரு கை குடை, மறு கை போன். எல்லாவற்றையும் ஒன்றியத்தின் பேஸ்புக் பக்கத்தில் நேரலையாகப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் அம்மாவும் அவர்களுக்கு இரண்டு அடி பின்னால் நின்றோம்.

சாரணப் பெண் ஒருத்தி நிகழ்ச்சித் தாள் கொடுத்துக்கொண்டு வந்தாள். தவயோகன் வாங்கி அப்படியே மடித்துப் பைக்குள் வைத்தார். மற்றவர்களும் அப்படித்தான். அப்பா அப்படிச் செய்யக்கூடிய ஆள் இல்லை. அச்சடித்த தாள் கையில் வந்தால் அவரால் வாசிக்காமல் இருக்க முடியாது. வளையத்தை முழங்கையில் கோத்துக்கொண்டு, சிவப்புப் பேனையை எடுத்து, மேலிருந்து வரி வரியாக இறங்கினார். பாட்டின் எண்ணில் ஏதோ ஒரு புள்ளி விடுபட்டிருக்க வேண்டும், அதைப் போட்டார். பக்கத்தைத் திருப்பினார். ஒன்பது பெயர்கள். பேனை முதல் பெயரில் ஓடியது.

பேனை நின்றது.

நான் அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பவில்லை. தாளை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், கோட்டுப் பைக்குள் வைத்தார். பேனையைச் சட்டைப் பையில் குத்தினார். அவருக்குத் தெரிந்துவிட்டது. வாசிப்பதற்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பத்து நிமிடத்தில் ஒரு மனிதன் எவ்வளவோ செய்யலாம். திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கலாம். பக்கத்தில் நிற்பவனிடம், தம்பி, என்ர மகன்ர பேரும் வாசிக்கப்போகினம் என்று சொல்லலாம். ஐந்து சொல்தான். மற்றவர்களின் செத்த பிள்ளைகளுக்காக ஐயாயிரம் சொல் எழுதியவர்.

பாதிரியார் செபம் சொன்னார். பாட்டுப் பாடினார்கள். பிறகு பதக்கம் குத்திய ஒருவர் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து, மழை படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்ட தாளைப் பிடித்து, ஒவ்வொரு பெயருக்கும் மூச்சு விட்டு விட்டு வாசித்தார்.

"பிரைவேட் என். பாலேந்திரா."

மிஸஸ் ஹார்ட்லி நன்றாகத்தான் பழக்கியிருந்தார். சிப்பாய்ப் பட்டமும் பெயரும் யாழ்ப்பாணத்து வாசிகசாலையில் வாசித்த மாதிரித் தெளிவாக வந்தன.

தவயோகனின் குடை ஆடியது. அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "அண்ணை, உங்களையுமெல்லோ செத்த ஆக்களோட சேத்துப்போட்டாங்கள்!" என்றார். இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பழைய ஆட்கள் இரண்டு பேர் சிரிக்கவில்லை. அவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் செத்தவீட்டிலேயே அவர்களுக்கு விளங்கியிருக்கும்.

அப்பா ஒலிவாங்கியைப் பார்த்தபடியே சொன்னார்.

"அது வேற ஆரோ."

என் காதில் விழுந்தது. அம்மாவின் காதிலும் விழுந்தது. என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் விரல்கள் ஒருதரம் இறுகி, பிறகு தளர்ந்தன. இவ்வளவு காலமும் வெட்டி வெட்டிச் சமாளித்த மனுசன், தன் பெயரையே தன் முன்னால் வாசித்தபோது, வெட்ட இடமில்லாமல் முழுப் பொய்யாகவே சொல்லிவிட்டார்.

பதினொரு மணி அடித்தது. இரண்டு நிமிட மௌனம். அந்த இரண்டு நிமிடமும் நான் யாரையும் நினைவுகூரவில்லை. என் மனதில் இருந்ததெல்லாம் கெட்ட வார்த்தை. நான் பஸ் ஓட்டுகிறவள், எனக்கு நாலு பாசையில் கெட்ட வார்த்தை தெரியும். எல்லாவற்றையும் அப்பாவின் பிடரியைப் பார்த்து மனதுக்குள் சொன்னேன். எங்கோ ஒரு குழந்தை அழுதது. பின்னர் ஒரு பெண் கொம்பு ஊதினாள், எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

வளையம் வைக்கக் கூப்பிட்டார்கள். அப்பா போனார். நிமிர்ந்து நடந்தார், குனிந்து வைத்தார், அட்டை முன்பக்கம் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தார், மூன்று அடி பின்னால் வந்து கைகூப்பினார். ஒரு பிழை இல்லை. தவயோகன் அதை நாலு பக்கத்தாலும் படம் பிடித்தார்.

அதற்குப் பிறகு குடும்பத்தாரைக் கூப்பிட்டார்கள். மிஸஸ் ஹார்ட்லி எங்களிடம் வந்து அம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். மரப்பட்டியையும் ஒரு கறுப்பு மார்க்கரையும் என்னிடம் தந்து, உங்களுக்கு விருப்பமான மொழியில் எழுதுங்கள் என்றார். கைப்பையைப் பலகையாக வைத்து எழுதினேன். நிசாந்தன். அச்சகத்தில் வளர்ந்தவள் நான். அங்கே பெயரை முதலில் எழுதி, முன்னால் ஒரு சின்ன இடம் விட்டுவிடுவோம், ஆளைக் கேட்டு முதலெழுத்தைப் பிறகு நிரப்ப. கை தன் பாட்டில் அப்படி இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில் 'பா' போடப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாம்."

"என்னம்மா?"

"முதலெழுத்து வேண்டாம். வேற ஆரோவின்ர பேரை என்ர பிள்ளைக்கு ஏன் போடுவான்?"

குரலைத் தாழ்த்தவில்லை. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அவனைப் பற்றி அம்மா பேசியது அதுதான். பட்டியை என் கையிலிருந்து வாங்கினார். சேலையை முழங்காலுக்குக் கீழே மடித்துப் பிடித்து, ஈரப்புல்லில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அழுத்தி அதை மண்ணில் இறக்கினார். மற்ற எட்டுக்கும் பக்கத்தில் அது ஒன்பதாவதாக நின்றது.

கூட்டம் கலையத் தொடங்கியதும் அப்பா வந்தார். எங்களைப் பார்க்காமல் பட்டியைப் பார்த்தார். வாசித்தார். வாசிக்காமல் அவரால் இருக்க முடியாதே.

"முதலெழுத்து விடுபட்டுப்போச்சு" என்றார். கை சட்டைப் பைக்குப் போனது. சிவப்புப் பேனையோடு குனிந்தார்.

அம்மா எழும்பி அவருக்கும் பட்டிக்கும் நடுவில் நின்றார். முழங்காலில் சேறு. "முதல் ஒன்றியத்து ஆக்களிட்டப் போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ. பிறகு எழுதுங்கோ."

"என்னத்தைச் சொல்லுறது?"

"பன்னிரண்டு வரியில விட்டதை."

"செல்வமலர், இது அதுக்கு இடமில்லை. ஆக்கள் நிக்கினம்."

"ஆக்கள் நிக்கினம் எண்டுதான் சொல்லச் சொல்லுறன்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "எல்லாம் உன்ர வேலையோ?"

அதற்குத்தான் காத்திருந்தேன். "ஓம், என்ர வேலைதான். கோழிக்கடைக்காரர் குடுத்த வாங்கைக்கூட எழுதினீங்கள் அப்பா. இவன் ஆரெண்டு எழுத உங்களுக்குக் கை வரேல்லை. ரெண்டு தரம் கேட்டவங்கள். ரெண்டு தரமும் வேண்டாமெண்டு எழுதினனீங்கள். நான் பன்னிரண்டு வருசமா வெள்ளைக்காரனைத் திட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்!" பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் குடும்பம் மெல்ல ஒதுங்கியது. ஒதுங்கட்டும்.

"உனக்கு விளங்காது" என்றார். "என்ர தம்பியைக் கூட்டிக்கொண்டு போனதும் உந்த மாதிரி உடுப்புத்தான். அதைப் போட்டவனை என்ர பிள்ளை எண்டு நான் என்னெண்டு ஊருக்குச் சொல்லுறது?"

"கூட்டிக்கொண்டு போனவன் வேற. இவன் உங்கட வீட்டுக்கு வாறதுக்காக என்ர வீட்டில உடுப்பு மாத்தின பிள்ளை."

அவர் பட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பினார். அந்த முகத்தைப் பார்க்க ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. அவர் தம்பியின் பெயரையும் எந்தக் கல்லிலும் யாரும் எழுதவில்லை, எந்தப் புல்வெளியிலும் வாசிக்கவில்லை. அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த வலி தெரிந்த மனுசன்தானே இதையும் செய்தார். அதை நினைத்ததும் பாவம் பறந்துவிட்டது.

"மாஸ்ரர் அண்ணை!" தவயோகன் கையைக் காட்டிக் கூப்பிட்டார். "கெதியா வாங்கோ, மேயர் நிக்கிறார், ஒரு படம் எடுப்பம்!"

அப்பா அங்கே பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒரு பக்கமாக விலகி வழி விட்டார். "போங்கோ. போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ. நான் நிக்கிறன்."

போனார். ஐம்பது அடி இருக்கும். வழியில் ஒருதரம் நின்றார், கோட்டைத் தடவி அந்த மடித்த தாளை வெளியே எடுத்தார். சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். தவயோகனுக்கு முன்னால் போய் நின்று தாளை விரிக்கத் தொடங்கினார். வாய் திறந்தது. அதற்குள் மேயர் கையை நீட்டினார். அப்பா தாளை இடது கைக்கு மாற்றி, மேயரின் கையைப் பிடித்தார். ஒன்றியத்துக்காரர் இரண்டு பக்கமும் வந்து நெருங்கினார்கள். யாரோ அப்பாவை நடுவுக்குத் தள்ளினார்கள். தவயோகன் போனை ஒரு வெள்ளைக்காரியிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்து பக்கத்தில் நின்றார். படம் எடுத்தார்கள், ஒன்றல்ல, நாலைந்து. பிறகு மண்டபத்தைப் பற்றி மேயரோடு ஏதோ கதைத்தார்கள். அப்பாவும் தலையாட்டினார். தாள் திரும்பவும் பைக்குள் போய்விட்டது.

அம்மா கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் திரும்பி வர ஏழெட்டு நிமிடம் ஆனது. வரும்போதே கை சட்டைப் பையில் இருந்தது.

"சொன்னீங்களோ?" என்றார் அம்மா.

"தவயோகன் மேயரோட நிக்கேக்க என்னெண்டு சொல்லுறது? செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்கு. அங்க ஆறுதலாச் சொல்லுறன்."

அம்மா கை நீட்டி, அப்பாவின் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனையை எடுத்தார். தன் கைப்பைக்குள் போட்டார். சிப்பை இழுத்து மூடினார்.

"அப்ப செவ்வாய்க்கிழமை சொல்லிப்போட்டு வந்து கேளுங்கோ. தாறன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ரோட்டு இன்னும் திறக்கவில்லை, பஸ் எல்லாம் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தது. அடுத்த நிறுத்தம்வரை நடக்க வேண்டும். புல்வெளி முடிகிற இடத்தில் நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன்.

அப்பா பட்டியின் முன்னால் தனியாகக் குந்தியிருந்தார். நிசாந்தன் என்ற பெயருக்கு முன்னால் நான் விட்ட இடத்தில் தூறல் பட்டுக்கொண்டிருந்தது. அவர் கை சட்டைப் பைக்குப் போய்த் தடவியது, அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டு திரும்பியது, கொஞ்ச நேரத்தில் மறந்துபோய் மறுபடியும் அங்கேயே போனது.